பினாயில் பாட்டிலோடு கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், அஞ்சலை. என் தங்கச்சி ராசாத்தி. எங்கள் மகளிர் குழுத் தலைவி கஸ்தூரி. ஏழு மாதக் கர்ப்பிணியான என் கடைசி மகள் வள்ளி. எங்களுக்குப் பினாயில் மருந்து விற்கும் தனசேகர். ஆய்வகத்து ஜெயசீலி மேடம். ஆறே பேர். இவர்களில் யாராவது "அப்படியெல்லாம் நடக்கவே இல்லை" என்று சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் தண்ணீர் கேட்டார்கள் என்பது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுதுவேன், எண்களைப் படிப்பேன். இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கஸ்தூரி கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஏற்றினாள். அவளும் அன்றைக்கு இருந்தவள் என்பதால், ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஊருக்கு ஊர் பெண்கள் குழு சேர்ந்து பினாயில் செய்து விற்கிறார்கள். அதை எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது, அங்கே என்ன கேட்பது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. எங்களுக்குப் பின்னால் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

போனது 2010ஆம் வருடம், ஆனி மாதம். எங்கள் குப்பம் கடலூர் முதுநகருக்கு எதிரே, உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு உதவிக்கு வந்தவர்கள் எங்களுக்குப் பினாயில் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். கடையில் கெட்டி மருந்து வாங்கி, ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பால் போல வெளுக்கும். பாட்டிலில் அடைத்து மூடினால் வேலை முடிந்தது. நான்கு வருடம் வீடு வீடாக விற்றோம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

கேள்வி கேட்டவர் சிதம்பரத்து டாக்டரம்மா. மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேலை என்பதால் வள்ளியை அங்கேதான் காட்டி வந்தோம். ஒரு தடவை போனபோது, "எங்க குழு பினாயிலை வாங்கிக்கங்கம்மா" என்று கேட்டேன். பத்து பாட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன் என்றார். தனசேகரிடம் கேட்டதும் ஒரு ஜெராக்ஸை நீட்டினான். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது உங்க பினாயிலோட ரிப்போர்ட் இல்லேம்மா. பேட்ச் நம்பர் வேற, வருஷமும் வேற. அதுவும் கெட்டி மருந்தைத்தான் சோதிச்சிருக்காங்க. நீங்க தண்ணி கலந்து விக்கறதை யாரு சோதிச்சா?"

"எல்லாம் ஒண்ணுதானே டாக்டரம்மா?"

"உங்க வீட்டுத் தரையா இருந்தா நான் கேக்க மாட்டேன். இது பிரசவ அறைத் தரை. தையல் ஆறாத பொம்பளைங்க படுக்கற எடம். அன்னிக்குப் பொறந்த குழந்தைங்க இருக்கற எடம். உங்க பாட்டிலையே சோதிச்சு ரிப்போர்ட் கொண்டாங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ஆவணியில் அந்த அறையில் படுக்கப்போகிறவள் என் மகள். எங்கள் பினாயில் அந்தத் தரைக்குத் தகுதியா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். தப்பு தனசேகருடையது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் தூரத்து உறவில் எனக்கு மருமகன் முறை. என் வீட்டுக்காரர் செத்த வீட்டுக்கு வந்தவன், பிணத்தை எடுக்கும் முன்பே வண்டி ஏறிப் போய்விட்டான். அப்படிப்பட்டவன் மருந்தில் மட்டும் ஒழுங்காக இருப்பானா?

முதல் பயணம் ஒரு திங்கட்கிழமை. நானும் கஸ்தூரியும் ராசாத்தியும் காலை ஏழு மணிக்குத் தோணி ஏறினோம், ஆளுக்கு இரண்டு ரூபாய். சோதனைக்கு வேண்டிய பினாயிலை ராசாத்தியே கலந்து, ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்திருந்தாள். அந்த மாதம் கலப்பது அவள் முறை, ஆஸ்பத்திரியில் வைத்த பத்தும் அவள் கலந்ததுதான்.

"எதுக்குக்கா இந்த டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம்? மூக்குல ஏறுதான்னு பாரு. ஏறுனா அது நல்ல பினாயிலு" என்றாள் தோணியில்.

"மிளகாய்த் தூள்கூடத்தான் மூக்குல ஏறும். அதைப் போட்டு ஆஸ்பத்திரியைக் கழுவலாமா?" என்றேன்.

முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறி, செம்மங்குப்பத்தில் இறங்கினோம். நான்கு ரூபாய் டிக்கெட், கால் மணி நேரம். அங்கே ரோட்டோரமாக இரண்டு பக்கமும் கெமிக்கல் கம்பெனிகள். பழக்கமில்லாதவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வது நல்லது. தனசேகர் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் படி ஏறும்போதே அவன் எழுந்து நின்றான்.

"வா அத்தே. டீ சொல்லட்டா?"

"உன் டீயைக் குடிக்கறதுக்கும் ரிப்போர்ட் வேணும்டா எனக்கு. யாரோட ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தே?"

"கம்பெனி குடுத்ததுதான் அத்தே. எல்லாருக்கும் அதைத்தான் குடுக்கறேன். ஒருத்தரும் கேக்கலியே."

"நான் கேக்கறேன். சீல் ஒடைக்காத கேன் ஒண்ணு எடு. அதையும் சோதிக்கப் போறேன்."

பேசாமல் எடுத்துக் கொடுத்தான். கேன் மேலே இருந்த பேட்ச் எண்ணைக் கஸ்தூரி எழுதிக்கொண்டாள். அவன் ராசாத்தியைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அதற்குள், "பஸ் வருது, பஸ் வருது" என்று ஓடினாள். உண்மையிலேயே பஸ் வந்தது. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செம்மங்குப்பத்திலிருந்து சிதம்பரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினான்கு ரூபாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், அப்புறம் பரங்கிப்பேட்டை பிரிவு, வெள்ளாற்றுப் பாலம். ஆனித் திருமஞ்சனத்துக்குப் போகிற கூட்டம் என்பதால் நிற்கக்கூட இடமில்லை, ஆலப்பாக்கத்தில் சிலர் இறங்கியதும்தான் எங்களுக்கு சீட் கிடைத்தது. பாட்டில் இருந்த பை என் காலடியில். பக்கத்து சீட்டில் நெல்லிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் எனக்குக் கண் அசந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் பெரியவர் கையில் எங்கள் பாட்டில். மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோகிறார்.

ஓங்கி அவர் கையில் ஒன்று வைத்தேன். பாட்டில் என் மடியில் விழுந்து பாதி கொட்டியது.

"இன்னாம்மா நீ! ஒரு வாய் மோருக்கு இப்படி அடிக்கறே! தாகமா இருக்குன்னு உன் பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"பொண்ணா? யாரு பொண்ணு? அது மோரு இல்லேய்யா, பினாயிலு!"

"வாடையே வரலியே."

"உனக்குத்தான் மூக்கு முழுக்க சளியாச்சே, எப்படி வரும்?"

தூக்கக் கலக்கத்தில் தலையாட்டிய கஸ்தூரியை என் மகள் என்று நினைத்துவிட்டார் பாவம். பஸ் முழுக்க நெடி. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"இன்னா ஆயா, டிக்கெட்டும் எடுத்துட்டு பஸ்ஸையும் கழுவிக் குடுக்கறியா? டெப்போவுல சொல்லி உனக்கு வேலை வாங்கித் தரட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாய் உள்ளே போயிருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார்? கூல்டிரிங்ஸ் பாட்டில், தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டில், இவற்றில் ஒருபோதும் பினாயிலை ஊற்றாதீர்கள். பினாயில் பாட்டிலிலேயே ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஆய்வகம் சிதம்பரம் ரயிலடிப் பக்கம், முதல் மாடியில். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கூட்டமான நாளில் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஜெயசீலி மேடம் வெள்ளைக் கோட்டு போட்டு, கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். கேனைப் பார்த்துத் தலையாட்டினார். கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் தொடவே இல்லை.

"இதை நான் வாங்க மாட்டேன்மா. உள்ளே சர்க்கரை ஒட்டியிருக்கும், மூடி தொறந்திருக்கு, பாதிதான் இருக்கு. அதுவும் போக, இது டெஸ்ட்டுக்குன்னு தனியா கலந்ததா, இல்லே விக்கறதுலேருந்து எடுத்ததா?"

"எல்லாம் ஒண்ணுதாங்க" என்றாள் ராசாத்தி.

"ஒண்ணுன்னு நீங்க சொல்றீங்க. ஆஸ்பத்திரியில எது இருக்கோ, அதுல ஒரு பாட்டிலைச் சீலோட எடுத்துட்டு வாங்க. அதோட முடிவுதான் உங்களுக்கு வேணும்."

ஆஸ்பத்திரி ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நான் கிளம்பினேன். ராசாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிலுல எதுக்குக்கா அலையறே? ஊருக்குப் போயி நல்ல பாட்டில்ல அடைச்சு நாளைக்கு நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"இன்னிக்கு வந்த வேலை இன்னிக்கு" என்று கையை உதறினேன். டாக்டரம்மாவைக் கேட்டு அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தோம்.

மேடம் பொறுமையாக விளக்கினார். ரிப்போர்ட் என்று எதைக் காட்டினாலும் மூன்று விஷயத்தைத் தேட வேண்டுமாம். எந்தக் கிருமியை வைத்துச் சோதித்தார்கள், எத்தனை பங்கு தண்ணீரில் கலந்து சோதித்தார்கள், எத்தனை நிமிடம் விட்டார்கள். இந்த மூன்றும் இல்லாமல் "கிருமிகளை ஒழிக்கும்" என்று மட்டும் இருந்தால் அது விளம்பர நோட்டீஸ். தனசேகரின் ஜெராக்ஸைக் காட்டினேன். கடைசியில் எறும்பு போல ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "இந்த முடிவு கொடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்னு போட்டிருக்கு, பாருங்க. அந்த பேட்ச்சு எப்பவோ வித்துத் தீந்திருக்கும்" என்றார்.

ஒரு மாதிரிக்கு அறுநூறு ரூபாய். கிருமியை வளர்த்து, மருந்தில் விட்டு, மறுபடி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை வரச் சொன்னார். திரும்பும் வழியில் கீழவீதியில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். கொத்சு பிரமாதம், அதற்காகவே சிதம்பரம் போகலாம். எப்போதும் நான்கு இட்லி சாப்பிடும் ராசாத்தி அன்றைக்கு ஒன்றோடு எழுந்துவிட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்கக் குப்பத்தில் தனசேகரைத் திட்டித் தீர்த்தேன். மீன் இறங்குமிடத்தில் நின்று சத்தம் போட்டுத் திட்டினேன். ராசாத்தி பக்கத்தில்தான் நின்றாள். அத்தனையையும் கேட்டாள்.

சனிக்கிழமை வள்ளியும் எங்களோடு வந்தாள். பிரசவத்துக்காகச் சீக்கிரமே என் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தவள், அன்றைக்கு அவளுக்கு டாக்டரம்மாவிடம் மாதப் பரிசோதனை. போகும் வழியில் செம்மங்குப்பத்தில் இறங்கி, தனசேகரைக் கடையை மூட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் எதுக்கு அத்தே? போன்ல சொன்னா போதாதா?"

"உன் மருந்து ஃபெயிலுன்னு உன் காதாலே கேக்கணும். ஏறு பஸ்ஸுல."

அவனே எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தான். நான் தடுக்கவில்லை.

ஆய்வகத்தில் இருந்த மூன்று நாற்காலியில் வள்ளி, நான், ராசாத்தி உட்கார்ந்தோம். கஸ்தூரியும் தனசேகரும் சுவரோரம் நின்றார்கள். மேடம் இரண்டு காகிதத்தை மேசையில் வைத்தார்.

"கேன்ல இருக்கற கெட்டி மருந்தை நாங்களே நல்ல தண்ணியில இருபது பங்கு கலந்து சோதிச்சோம். பத்து நிமிஷத்துல கிருமி செத்துப்போச்சு. பாஸ்."

தனசேகர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"உங்க பாட்டில் ஃபெயில். பத்து நிமிஷம் கழிச்சும், அரை மணி கழிச்சும் கிருமி உயிரோட இருக்கு. வாசனை மட்டும் ஜாஸ்தியா இருக்கு. உள்ளே உப்பு நெறைய. இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"டேங்கர் தண்ணிதாங்க. டிரம்முல பிடிச்சு வச்சுக்குவோம்" என்றாள் கஸ்தூரி.

நான் தனசேகர் பக்கம் திரும்பினேன். "கேன்ல நல்லதை வச்சு, எங்களுக்கு அளந்து ஊத்தறதுல எதைடா கலந்தே?"

அவன் இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினான்.

"போதும் அத்தே. ஒரு வாரமா ஊரெல்லாம் என்னைத் திட்டறேன்னு கேள்விப்பட்டேன். வயசுல பெரியவங்களாச்சேன்னு வாய மூடிட்டு இருந்தேன். உன் தங்கச்சியைக் கேளு. மருந்து திரிஞ்சு போச்சுன்னு எனக்கு போன் பண்ணுச்சா இல்லியா? உப்புத் தண்ணி ஊத்துனா திரியும், கீழே கொட்டிடு, வேற மருந்து சும்மாவே தரேன்னு சொன்னேனா இல்லியா?"

ராசாத்தி மேடத்திடம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டேங்கர் வரலேக்கா. தரைக்குத்தானேன்னு அடி பம்புத் தண்ணியை ஊத்துனேன். தயிராட்டம் திரிஞ்சுது. சோப்பு எண்ணெயும் செண்ட்டும் ஊத்துனதும் மறுபடி வெள்ளையாயிடுச்சு. வெள்ளையா இருந்தா சரின்னுதானே எல்லாரும் பாக்கறாங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. சுனாமிக்குப் பிறகு எங்கள் அடி பம்பில் உப்புதான். நல்ல தண்ணீர் டேங்கரில் வரும், இல்லாவிட்டால் தோணியில் குடம் சுமந்து வர வேண்டும். நல்ல தண்ணீரைத் தரையில் ஊற்றுகிற பெண்ணை எங்கள் குப்பத்தில் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். தரைக்கு உப்புத் தண்ணீர், வாய்க்கு நல்ல தண்ணீர், அப்படித்தான் நாங்கள் எல்லாரும் பழகியிருக்கிறோம். அவள் இடத்தில் யார் இருந்தாலும் கை அடி பம்புக்குத்தான் போயிருக்கும்.

வள்ளிதான் கேட்டாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"சித்தி, டெஸ்ட்டுக்குன்னு ஒரு பாட்டில் கொண்டாந்தியே. அது எந்தத் தண்ணி?"

ராசாத்தி அழ ஆரம்பித்தாள். "நல்ல தண்ணி. தோணியில போயி ஒரு கொடம் கொண்டாந்தேன்."

"ஆஸ்பத்திரியில இருக்கறது?"

ராசாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வள்ளி வயிற்றில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, வா. அந்தப் பாட்டிலுங்களை முதல்ல எடுக்கணும்."

அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் முப்பது கேட்டார், கொடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் பினாயில் வாசனை. பழைய பினாயில் தீர்ந்துவிட்டதால் அங்கே தரை துடைக்கும் ஆயாம்மா காலையில் எங்கள் பாட்டிலில் ஒன்றைத் திறந்திருக்கிறார். வராந்தாவைத் துடைத்து முடித்து, வாளியோடு பிரசவ அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, நில்லு! உள்ளே போவாதே!"

"ஏம்மா கத்தறே? நேத்து ராத்திரி பொறந்த கொழந்தை தூங்குது."

வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். டாக்டரம்மா வந்தார். இரண்டு காகிதத்தையும் அவர் கையில் கொடுத்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. முதலில் ஆயாம்மாவைத்தான் திட்டினார், கேட்காமல் திறந்ததற்காக. பிறகு வராந்தாவைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, அவர்கள் மருந்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுத் துடைக்கச் சொன்னார். எனக்கு அந்தப் பத்து நிமிடமும் நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன்.

"உங்க மேலே கோவம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஃபெயிலான ரிப்போர்ட்டைக் கையில எடுத்துட்டு ஓடியாந்தவங்களை நான் பாத்ததில்லே. ஒழுங்கா செஞ்சு மறுபடி சோதிச்சுக் கொண்டாங்க. அப்புறம் பாக்கறேன்."

மீதிப் பாட்டில்களைத் தனசேகர் தூக்கிக்கொண்டான். சாக்கடையில் கொட்டினால் ஆற்றுக்குப் போய்ச் சேரும், ஆற்றில்தான் நம் பிழைப்பு என்று அவனே சொன்னான். கழிவை எடுத்துப்போக அவன் கடைக்கு வண்டி வருமாம். இனி பேட்ச்சுக்கு ஒரு ரிப்போர்ட் என்று டாக்டரம்மா முன்னால் ஒப்புக்கொண்டான். குப்பத்துக்குத் திரும்பியதும் மீன் இறங்குமிடத்தில் நின்று, எந்தச் சத்தத்தில் அவனைத் திட்டினேனோ அதே சத்தத்தில், தனசேகர் மருந்தில் குறையில்லை என்று சொன்னேன். சாவு வீட்டுக் கணக்கு தனி, அது அப்படியே இருக்கிறது.

ஆடியில் டேங்கர் தண்ணீரில் கலந்தோம். மறுபடி சோதித்தோம், பாஸ். அந்தக் காகிதத்தை நானே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

இனி போகப்போகிறவர்களுக்கு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். திருவிழா நாளில் போகாதீர்கள். சோதனைக்குக் கொடுப்பது விற்பனைக்கு அடைத்த பாட்டிலாக இருக்கட்டும். தனியாகக் கலந்ததைக் கொடுத்தால் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பொருளின் பெயர், பேட்ச் எண், சோதித்த தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது ஜெராக்ஸ் கொடுத்தால் அதிலிருக்கும் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, இது நீங்கள் கொடுத்ததுதானா என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்ணை எண்ணோடு ஒப்பிடலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன்.

வீட்டில் பினாயில் ஊற்றும் முன் அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், அழுக்கு இருந்தால் மருந்து வேலை செய்யாது. ஊற்றியதும் உடனே துடைக்க வேண்டாம், பாட்டிலில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் தரை ஈரமாக இருக்கட்டும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்பு பலம் என்று நினைக்காதீர்கள். பால்வாடி கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட்டை ஊற்றிய கஸ்தூரி, மூச்சு முட்டி இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாசனையை நம்பாதீர்கள், வெள்ளை நிறத்தையும் நம்பாதீர்கள்.

ஆவணியில் வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த அறையில்தான், எங்கள் பினாயில் போட்டுத் துடைத்த தரையில்தான் கட்டில் இருந்தது. தாயும் பிள்ளையும் ஏழாம் நாள் வீடு வந்தார்கள்.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தேன், என் தங்கச்சிக்கும் கொடுத்தேன். கை கழுவச் சொல்லிக் குழந்தையை அவள் மடியில் வைத்தேன். உப்புத் தண்ணீரை ஊற்றியது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, அது எங்கள் ஊர்ப் பழக்கம். திரிந்துபோனதை எங்களிடம் சொல்லப் பயந்ததைக்கூடப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எந்தத் தண்ணீர் சரி என்று தெரிந்த பிறகு, ஆற்றைத் தாண்டிப் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வந்து, அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் ஊற்றினாள். என் மகள் படுக்கப்போகிற அறைக்கு மற்றதை விட்டுவைத்தாள். அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அந்தக் குடத்தை அவள் அறிந்துதான் சுமந்தாள்.

நான் மன்னிக்காத ஆள் ராசாத்தி, என் கூடப் பிறந்தவள்.